சாப்பாட்டு டப்பாவில் ஒரு பவர் போர்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். காலையில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பையை மேலாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் கதையே வேறு. பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்வார்கள். டப்பாவைத் திறக்கச் சொல்வார்கள். செருப்பைக் கழற்றித் தட்டச் சொல்வார்கள். பெண்களுக்கென்று திரை போட்ட ஒரு மறைப்பு, அதற்குள் ஒரு செக்யூரிட்டி அக்கா. அந்த அக்கா கொண்டையைக்கூட விடாது, விரல் விட்டுப் பார்க்கும்.

காரணம், நாங்கள் அங்கே செய்தது பவர் போர்டு. சார்ஜருக்குள்ளும் செட்டாப் பாக்ஸுக்குள்ளும் போகிற சின்ன போர்டுகள். நகத்தளவு சில்லு ஒன்றை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொண்டு போய்விடலாம். அப்படி ஒரு பெண் செருகிக்கொண்டு போய் மாட்டினாள், போலீஸ் வந்தது என்று சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டில் வரிசையில் நிற்கும்போது ஒன்றும் எடுக்காத நானே தினமும் பையை ஒரு தடவை துழாவிப் பார்த்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் வேறொரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷின் அவருடைய வலது கையைப் பிடித்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்ற மூன்றும் தப்பின, ஆனால் மடங்கவில்லை. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அப்படியே இறுகிப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். மனுஷன் அதை எடுத்துப் பூனை மேல் எறிந்தார். “இன்னா, என்ன கொயந்தன்னு நென்ச்சினாங்களா?” என்று ஒரு கோபம். நாங்கள் இருக்கும் ஆரம்பாக்கத்தில் மாமனாருக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. சாப்பாட்டுக்கு அரிசி வந்துவிடும். மற்றபடி வீட்டில் அடுப்பு எரிவதும், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும், பிள்ளைகளின் ஸ்கூலும் என் சம்பளத்தில்தான். அந்தச் சம்பளம் ஒரு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அவர் கல்யாணத்துக்கு முன்னால் மீஞ்சூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வீடியோ கேம் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. சிடி போட்டு டிவியில் மாட்டி ஆடுவது. ஒரு நாள் எரிச்சலில் அதை இறக்கித் துடைத்து அவர் முன்னால் வைத்து, “பந்து வேணாம், இத்தயாவது அமுக்கு” என்றேன். கார் ரேஸ். முதல் வாரம் காரை மதிலில் மோதிக்கொண்டே இருந்தார். பிறகு கட்டை விரல் பட்டனைத் தேடிப் போனது. ஆள்காட்டி விரல் கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் பட்டனை அழுத்தியது. நடு விரல் லேசாக வளைய ஆரம்பித்தது. வீட்டில் திரும்பவும் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போய், வந்தபோது எகிறிக்கொண்டு வந்தது. டப் என்று ஒரு சத்தம். வீடெல்லாம் கருகல் நாற்றம்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். ஊரில் யார் வீட்டில் கேம் பெட்டி படுத்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டன் அமுங்காவிட்டால் பழைய டிவி ரிமோட்டிலிருக்கும் கறுப்பு ரப்பரை வெட்டி உள்ளே ஒட்டுவேன். கெபாசிட்டர் உப்பியிருந்தால் செத்துப்போன செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் போடுவேன். புதுசாக ஸ்பேர் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் இதில் பவர் போர்டே வெந்து ஓட்டை விழுந்திருந்தது. சால்டரிங் வைக்கக்கூட இடமில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான அந்த ஒரு போர்டு கிடைத்தால் போதும்.

அது எங்கே கிடைக்கும்? சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். “இது நம்ம தாத்தா காலத்து மாடலுமா” என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் வரவழைத்துத் தருகிறேன் என்று ஒரு விலை சொன்னான். அந்த விலைக்குப் பெட்டியை மட்டும் இல்லை, டிவியையும் சேர்த்து வாங்கலாம். வேறு அடாப்டர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் அதற்கு இரண்டு விதமான வோல்ட் வேண்டும், ஒன்று தப்பினாலும் பெரிய போர்டும் சேர்ந்து போய்விடும். அந்த விஷப் பரீட்சைக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே செத்த பெட்டி ஒன்றைத் தேடினேன். அதே மாடல், வேறு ஏதாவது காரணத்தால் செத்தது.

எளாவூருக்கு இந்தப் பக்கம் ஹைவேயை ஒட்டிப் பழைய இரும்புக் கடைகள் உண்டு. அதில் ஒருவர் எலெக்ட்ரானிக் சாமானும் எடுப்பார். தெலுங்குக்காரர், எல்லோரையும் நைனா என்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அவருடைய சாக்குகளைக் கொட்டிக் கிளறினேன். டிவிடி பிளேயர், கீபோர்டு, எலி கடித்த ஒயர், எல்லாம் இருந்தது, எனக்கு வேண்டியது இல்லை. “கேமு அம்மா வந்துட்சி, சாக்க அவுருங்கடா” என்று கிண்டல் செய்வார். இதற்குள் வீட்டில் வீட்டுக்காரரின் கை மறுபடியும் விறைக்கத் தொடங்கியது. வாரம் போகப் போக டம்ளரைக்கூட இடது கையால் எடுத்தார். நான் பார்க்கும்போது மட்டும் வலது கையை முன்னால் கொண்டுவருவார். அதைப் பார்க்க எனக்குப் பகீர் என்றிருக்கும்.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் போன் செய்தார்.

“யம்மா, நீ கேட்ட பொட்டி ஒண்ணு வந்துகீது. மத்தியானம் லோடு ஏறிடும். வேணும்னா இப்பவே வா, அப்பால என்ன சொல்லக் கூடாது.”

வழக்கமாக ஏறும் ரயிலை விட்டுவிட்டு ஓடினேன். அதே மாடல். சிடி போடும் மூடி உடைந்து, உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி துரு. என் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கழற்றினேன். தண்ணீர் சிடி போடும் பக்கத்தோடு நின்றிருந்தது. பவர் போர்டு தூசி படிந்து, ஆனால் முழுசாக இருந்தது. பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பொட்டியோட எட்துனு போ, அந்த போர்ட மட்டும் வெச்சினு இன்னா பண்ணுவ?” என்றார் கடைக்காரர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு எப்படிப் போவது? போர்டு போதும் என்றேன். கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது, பாழாய்ப் போன புத்தி. எங்கள் லைனில் முதல் நாளே தலையில் அடித்துச் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: போர்டைப் பிளாஸ்டிக் கவரில் போடாதே, உரசலில் ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறி சில்லு செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் வராது, ஆனால் செத்துவிடும். அந்தப் பயம் எங்கள் கைகளில் ஊறிப்போன பயம். இவ்வளவு தேடிக் கிடைத்ததைப் பாலிதீன் பையில் போட்டுச் சாகடிப்பேனா? என் எவர்சில்வர் டப்பாவிலிருந்த தயிர் சாதத்தைக் கவரில் கொட்டிக் கட்டினேன். டப்பாவைத் துடைத்து, போர்டைப் பேப்பரில் சுற்றி, உள்ளே வைத்து மூடினேன். இரும்புக்குள் இருந்தால் ஸ்டாட்டிக் அண்டாது. எவ்வளவு கெட்டிக்காரி பார் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

வெளியிலிருந்து எந்த எலெக்ட்ரானிக் சாமான் கொண்டு வந்தாலும் கேட்டில் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று தாமதம். கதவை மூடப் போகிறார்கள் என்று ஓடினேன். கேட்டிலிருந்த செக்யூரிட்டி பையைத் தூக்கிப் பார்த்து, “இன்னாக்கா, இன்னிக்கி இன்னா சாப்பாடு?” என்று கேட்டான். தினமும் கேட்பதுதான். “தயிர் சாதம்” என்று என் வாய் தானாகச் சொல்லியது. பையை அலமாரியில் வைத்து, நீலக் கோட்டையும் தொப்பியையும் மாட்டி, மணிக்கட்டில் ஸ்டாட்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு லைனில் உட்கார்ந்தேன்.

முதல் போர்டு என் முன்னால் வந்து நின்றது. மஞ்சள் நாடா சுற்றிய டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் குண்டு கெபாசிட்டர், ஓரத்தில் வெள்ளை கனெக்டர். டப்பாவுக்குள் இருப்பதும் அதேதானே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட கடவுளே. பவர் போர்டு செய்கிற கம்பெனிக்குள், சாப்பாட்டு டப்பாவில், பேப்பரில் சுற்றி ஒரு பவர் போர்டை வைத்திருக்கிறேன். போதாததற்கு அது தயிர் சாதம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் அந்த அக்கா டப்பாவைத் திறக்கும். நான் என்ன சொல்வேன்? உள்ளே வரும்போதே கொண்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு கெபாசிட்டர் மேல் அது யாருடையது என்று எழுதியா இருக்கும்?

போர்டுகள் வந்துகொண்டே இருந்தன. குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் காண்ட்ராக்ட் ஆள். என்னைத் துரத்த யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையிலா இருந்தேன்? திருட்டுப் பட்டத்தோடு போனால் இந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்தக் கேட்டும் திறக்காது. ஆரம்பாக்கத்துக்குப் போலீஸ் ஜீப் வந்து நிற்பது மாதிரியும், மாமனார் வயலிலிருந்து ஓடி வருவது மாதிரியும் கண் முன்னால் ஓடியது. லைன் லீடர் என் பின்னால் வந்து நின்றபோது, பார்த்து முடித்த போர்டையே திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவள் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் உட்காருபவள் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி. வீட்டில் ஏரியில் மீன் பிடிப்பவர்கள், அவள் டப்பாவைத் திறந்தால் கேன்டீனே திரும்பிப் பார்க்கும். நான் டப்பாவைத் தொடாமல் கவரிலிருந்த தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, டப்பா இருக்க சொல்லோ கவர்ல துன்னுற? உள்ள இன்னா, பாம்பா வெச்சிகினு இருக்குற?”

காதோடு காதாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

“அடிப்பாவி! கேட்ல சொல்லாமயா எட்தாந்த? பேஜாருடி. நல்லா மாட்னடி.”

“எனுக்குத் தெரியாதா? நீ வேற பயமுறுத்தாத.”

அவள் வழி சொல்ல ஆரம்பித்தாள். பாத்ரூமில் போட்டுவிடு என்றாள். வாசலில் கேமரா இருக்கிறது. லைனில் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடு, ஆயிரத்தோடு ஒன்றாகப் போய்விடும் என்றாள். லைனுக்குள் டப்பாவைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும், எடுத்ததைப் பயந்துபோய்த் திரும்ப வைத்தாள் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் அவள் தன் டப்பாவைத் தட்டினாள்.

“குட்து வுடு, நான் எட்துனு போறேன். என் கொழம்பு டப்பாவ எந்த செக்யூரிட்டியும் தொறக்க சொல்ல மாட்டாங்க. நாத்தம் தாங்காதுனு தூரமாவே நிப்பாங்க.”

ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்கும் அப்பா படுத்த படுக்கை, அவளும் காண்ட்ராக்ட். “உன் வேலையும் சேந்து போவணுமா? மூடு டப்பாவ” என்று அதட்டினேன். அவள் என் முதுகில் கையை வைத்து, “அப்ப நீயா போய் சொல்லிடுடி. அவனா கண்டுபுடிச்சா திருடி. நீயா சொன்னா வெறும் லூசு” என்றாள்.

அதுதான் சரி என்று பட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு செக்யூரிட்டி ஆபீசரின் அறைக்குப் போனேன். டப்பாவை மேசையில் வைத்துத் திறந்து, நடந்ததைச் சொன்னேன். கேம் பெட்டி, வீட்டுக்காரர் கை, பழைய இரும்புக் கடை எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவர் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார்.

“சாப்பாட்டு டப்பாவுல எதுக்கு ஒளிச்சு வெச்சே?”

“ஒளிக்கல சார். ஸ்டாட்டிக் ஆயிடும்னு வெச்சேன்.”

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. காலையில் கேட்டில் இருந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல், “தயிர் சாதம்னு சொன்னாங்க சார்” என்றான். ஆபீசர் போனை எடுத்து இன்ஜினியரை வரச் சொன்னார். அவர் வருவதற்குள் நான் மனசுக்குள் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்துவிட்டேன்.

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். போர்டை விளிம்பில் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஊசியால் கிளறினார். மேசையில் காய்ந்த கரப்பான் முட்டைகள் பொலபொலவென்று விழுந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“சார், இது நம்மளது இல்ல. நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப வந்த மாடல் போர்டு இது. நம்ம போர்டுல கரப்பான் குடும்பம் நடத்துனா என் வேலையே போயிடும்.” பிறகு என்னைப் பார்த்து, “டப்பாவுல வெச்சது சரிதான்க்கா. ஆனா இனிமே இதுல சாப்பிடாதீங்க” என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது. ஆபீசர்கூடத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “போர்டு இங்க இருக்கட்டும், மேல சொல்லிட்டுத் தரேன். நாளைக்கு வந்து வாங்கிக்கோ” என்றார். சாயங்காலம் திரைக்குள் அந்த அக்கா என் காலி டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “போ போ” என்றது. வெளியே வந்ததும் பழவேற்காட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். இருவருமாக நின்று பஜ்ஜி தின்றோம். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் நாளைக்கு ஒரு சாமான் வரும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துத் திரும்பக் காட்டினேன், சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. பின்னால் இருந்த பெண் என்னைத் தாண்டிக் கை நீட்டித் தன் கார்டைக் காட்டினாள், பச்சை. கதவு திறந்து அவளை விட்டுவிட்டு மூடியது. தினமும் என்ன சாப்பாடு என்று கேட்கும் பையன் வெளியே வந்து, போர்டைப் பேப்பரில் சுற்றியபடி என் கையில் கொடுத்தான்.

“ஆபீசர் குட்க்க சொன்னாருக்கா. நீ காண்ட்ராக்டருக்கு ஒரு போன் பண்ணிப் பாரு.”

பண்ணினேன். “மேல இருந்து சொல்ட்டாங்கமா. திருட்டுனுலாம் ஒண்ணும் இல்ல, கவலப்படாத. ரூல்ஸ மீறிட்ட, அவ்ளோதான். வேற எடம் வந்தா கூப்புட்றேன்” என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பத்து வார்த்தை கத்தியிருப்பேன். கத்துவதற்கு அங்கே கதவைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆரம்பாக்கத்துக்குத் திரும்பும் ரயில் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கம்பெனியிலாவது பயந்து பயந்து சாயங்காலம் வரை ஓட்டினால் போதும் என்றிருந்தது. இந்தப் பயத்துக்கு ஷிப்டு முடியும் நேரம் எது?

வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லாமல் வேலையில் இறங்கினேன். பிரஷ்ஷால் கரப்பான் வீட்டைக் காலி செய்தேன். உப்பியிருந்த கெபாசிட்டர் ஒன்றை மாற்றினேன். மீட்டர் வைத்து இரண்டு வோல்ட்டையும் பார்த்தேன், சரியாக இருந்தது. பெட்டிக்குள் பொருத்திச் சுவிட்சைப் போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இதுவும் வெடித்தால் நான் என்ன செய்வேன்? டிவியிலிருந்து கேமின் பழைய பாட்டு கிளம்பியது. வீட்டுக்காரர் “ஏய்!” என்று கத்திக்கொண்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார்.

அவர் கார் இரண்டு சுற்று ஓடியது. அப்புறம்தான் அவருக்கு என் ஞாபகம் வந்தது.

“இன்னாமே, இன்னிக்கி லீவா?”

“ஆமா.”

“அப்ப குந்து. அந்த இன்னோரு கன்ட்ரோலர எடு.”

உட்கார்ந்தேன். என் கார் கிளம்பிய இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடியது. அவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாத்துக்கு கை இப்டி ஒதறுது? கேமு தானமே!”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “வேல போய்ட்ச்சுயா” என்றேன். “இந்த போர்ட டப்பால வெச்சினு கம்பெனிக்குள்ள போய்ட்டேன். கார்ட நிறுத்திட்டாங்க.”

அவர் கார் வேலியில் மோதி நின்றது. கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கேட்டில் நின்றதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இனி இந்த மனுஷன் கன்ட்ரோலரைத் தொடவே மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

“எடுய்யா கையில!” என்று கத்தினேன். “இதுக்கோசரம் தான போச்சு. சும்மா குந்தினு பாத்தா போன வேல திரும்பி வந்துடுமா? எட்து ஆடு!”

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவர் கன்ட்ரோலரை எடுத்தார். கட்டை விரல் பட்டனில் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரலும் போனது. நடு விரல் மேல் விளிம்பிலிருந்த பட்டனில் போய் நின்றது, அழுத்த வரவில்லை. மறுபடியும் அழுத்தினார்.